உட்பொதிவு, பொதியவிழ்வு: 'எண்டோசைட்டோசிஸ்', 'எக்சோசைட்டோசிஸ்' இரண்டுக்கும் ஒரு முன்மொழிவு

வணக்கம் நண்பர்களே,

செல் தன் சவ்வைப் பையாக்கி வெளிப்பொருளை உள்ளே எடுப்பது 'எண்டோசைட்டோசிஸ்'. உள்ளிருக்கும் பை சவ்வோடு இணைந்து திறந்து பொருளை வெளியே விடுவது 'எக்சோசைட்டோசிஸ்'. இரண்டுக்கும் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் 'விழுங்கல் – உமிழ்தல்' ஜோடிக்குத்தான் இதுவரை ஆதரவு அதிகம். எனக்கு அது ஒப்பவில்லை. ஏன் என்பதை இன்சுலினை வைத்தே சொல்கிறேன். மொரீசியசில் நீரிழிவு தெரியாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் மாலை வகுப்புக்கு நான் தமிழில் எழுதிவரும் குறிப்பும் அதைப் பற்றியதே.

கணையத்தின் பீட்டா செல்லுக்குள் இன்சுலின் சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை. சவ்வால் ஆன நுண்ணிய பைகளில், செல் ஒன்றுக்கு ஏறத்தாழ 10,000 பைகளில், தயாராக இருக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் செல்லுக்குள் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு கூடும். செல்லின் சவ்வில் பொட்டாசியம் போகும் வாய்க்கால் மூடும். கால்சியம் வாய்க்கால் திறக்கும். கால்சியம் பாய்ந்ததும் பையின் சவ்வு செல்லின் சவ்வோடு இணைந்து ஒன்றாகிவிடும். பை திறந்து இன்சுலின் வெளியே வரும். இங்கே இன்சுலின் எந்தச் சவ்வையும் ஊடுருவவே இல்லை. பையின் உட்புறம் செல்லின் வெளிப்புறம் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த இன்சுலின் தசைச் செல்லைப் போய்த் தொடும். அங்கே உள்ளே பைகளில் கிடக்கும் குளூட்-4 புரதம் இதே முறையில் மேற்சவ்வுக்கு வந்து சேரும். அதன் வழியாகக் குளுக்கோஸ் உள்ளே போகும். இதுதான் உண்மையில் சவ்வைக் கடப்பது, ஆகவே 'டிரான்ஸ்போர்ட்' என்பதற்கான 'கடத்தல்' இதற்குப் பொருந்தும். 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்புக்கும் பொருந்தும். அந்தச் சொல்லால் கள்ளக்கடத்தலும் சுங்கத்துறையும் ஞாபகம் வந்தால் வரட்டும். ஆனால் பைகளின் வேலையையும் அதே சொல்லில் அடைத்தால் மாணவருக்கு வேறுபாடே தெரியாமல் போகும்.

சரி, 'விழுங்கல்' ஏன் வேண்டாம்? வெள்ளணு கிருமியைப் பிடித்துத் தின்பதற்கு, உயிரியலாளர் மெச்னிகாஃப் 1882-இல் நட்சத்திர மீன் இளம்புழுவில் பார்த்த அந்தச் செயலுக்கு, அந்தச் சொல் தேவை. செல் திரவத்தைச் சிறுசிறு துளியாக எடுப்பதற்குப் 'பருகல்' தேவை. 1963-இல் செல் ஆய்வாளர் கிறிஸ்டியன் டி டூவ் 'எண்டோசைட்டோசிஸ்' என்று பெயர் வைத்ததே இவற்றையெல்லாம் ஒரு குடைக்குள் கொண்டுவரத்தான். குடைக்கே 'விழுங்கல்' என்று வைத்துவிட்டால் உள்ளே இருப்பதற்கு என்ன வைப்பது?

கிரேக்கச் சொல்லை அப்படியே பெயர்க்கும் வழியும் இல்லை. உள், செல், ஆதல் மூன்றையும் சேர்த்து ஒருவர் எழுதிய 'உட்செல்லாதல்' என்பதை என் வகுப்பில் காட்டினால், 'ஏன் உள்ளே செல்லவில்லை?' என்று கேட்பார்கள். வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலத்தில் உயிரியல், தமிழ் தனிப்பாடம் என்று வளரும் பிள்ளைகள். சொல் பார்த்ததும் பொருள் காட்டினால்தான் அவர்களிடம் நிற்கும்.

என் முன்மொழிவு 'பொதி' என்ற வினையிலிருந்து வருகிறது. சவ்வு குழிந்து, பொருளைத் தன்னாலேயே சுற்றிப் பொதிந்து, கிள்ளியெடுத்து உள்ளே அனுப்புகிறது. அது உட்பொதிவு. அந்தப் பை நுண்பொதி. அது மேற்சவ்வில் இணைந்து திறப்பது பொதியவிழ்வு. எங்கள் ரோஸ்ஹில் ஊர்க் கடைக்காரர் தால் பூரியைத் தாளில் பொதிந்து கொடுப்பதைப் பார்த்த பிள்ளைக்கு மேலே விளக்கம் வேண்டாம். தாள் தனி, சவ்வு செல்லின் சொந்த உடம்பு என்பதை மட்டும் சொன்னால் போதும்.

'உமிழ்தல்' தவறவிடுவதும் இதைத்தான். பொதியவிழ்வில் பையின் சவ்வு மேற்சவ்வோடு சேர்ந்துவிடுகிறது. சேர்ந்ததை உட்பொதிவு திரும்ப எடுக்காவிட்டால் செல்லின் மேற்பரப்பு பெருத்துக்கொண்டே போகும். இரண்டு சொல்லிலும் 'பொதி' இருப்பது இந்தக் கொடுக்கல் வாங்கலைக் காட்டும்.

கணினிக்காரர்கள் மென்பொருள் தொகுப்புக்குப் 'பொதி' என்கிறார்களே என்று ஒரு தடை வரும். வரட்டும். அங்கே அது சுமை, இங்கே செயல். ஒரே வாக்கியத்தில் இரண்டும் மோத வாய்ப்பு குறைவு.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்று. தாயின் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) நஞ்சுக்கொடியின் செல்லில் ஒரு பக்கம் பொதியப்பட்டு, மறுபக்கம் அவிழ்ந்து, குழந்தையின் பக்கம் போகிறதே, அந்த முழுச் செயலுக்கு? 'ஊடுபொதிவு' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். அவிழ்வது அதில் இல்லை. இலங்கை நண்பர்கள் யாராவது இதைவிடச் சிறிய சொல் வைத்திருந்தால் அனுப்புங்கள்.