சிபி2000 நோட்டீஸ்: ஆர்எஸ்யூ விற்ற பணம் முழுவதையும் லாபம் என்கிறது ஐஆர்எஸ்

குறிஞ்சிப்பூ கேட்டது:

வணக்கம். 2023 வரி ஆண்டுக்கு ஐஆர்எஸ்ஸிடமிருந்து (அமெரிக்க வரித்துறை) சிபி2000 நோட்டீஸ் வந்திருக்கிறது. விவரம் இதுதான்:

2023 பிப்ரவரியில் 120 ஆர்எஸ்யூ (கம்பெனி சம்பளத்தின் பகுதியாகத் தரும் பங்கு) வெஸ்ட் ஆனது, அதாவது என் கைக்கு வந்தது. அன்றைய விலை 250 டாலர். ஆக 30,000 டாலர் டபிள்யூ-2வின் (கம்பெனி தரும் ஆண்டுச் சம்பளப் படிவம்) 1ஆம் பெட்டியில் சம்பளத்தோடு சேர்ந்துவிட்டது (மொத்தம் 1,40,000). வரிப் பிடித்தத்துக்காக 42 பங்குகளை அன்றே அதே விலைக்கு விற்றார்கள். மீதி 78ஐ ஆகஸ்டில் 262 டாலருக்கு விற்றேன். ரிட்டர்னில் 1099-பி (பங்கு விற்றதற்கு புரோக்கர் தரும் படிவம்) விவரம் எதுவும் போடவில்லை. எல்லாம் டபிள்யூ-2வில் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன்.

இப்போது 30,936 டாலர் வருமானத்தைக் காட்டவில்லை என்று சொல்லி 7,425 டாலர் வரி, 1,485 டாலர் அபராதம், வட்டி வேறு. தனிநபராகத் தாக்கல் செய்தது, கலிபோர்னியா. 1040-எக்ஸ் (திருத்திய ரிட்டர்ன்) போடணுமா? கட்டிவிட்டுப் பிறகு கேட்பதா? இன்னும் 19 நாள்தான் இருக்கிறது.

பவானிக்கரை:

இந்தத் தொகையைக் கட்டாதீங்க, சம்மதம் என்று கையெழுத்தும் போடாதீங்க. சிபி2000 என்பது பில் இல்லை, ஆடிட்டும் இல்லை. புரோக்கரும் கம்பெனியும் அனுப்பிய தகவலை உங்க ரிட்டர்னோடு கணினி ஒப்பிட்டுப் பார்த்து, "இப்படி மாற்றலாமா?" என்று கேட்கிற முன்மொழிவு. உள்ளே மூன்று பத்தி இருக்கும் பாருங்க: நீங்க காட்டியது, மற்றவர்கள் தெரிவித்தது, வித்தியாசம். முதல் பத்தியில் 0, இரண்டாவதில் 30,936. அடக்க விலை (பங்கு உங்க கைக்கு வந்தபோது இருந்த விலை) என்ற பேச்சே அந்தப் பக்கத்தில் இருக்காது.

காரணம் இதுதான். காசு கொடுத்து வாங்கிய பங்குக்குத்தான் புரோக்கர் அடக்க விலையை ஐஆர்எஸ்ஸுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ஆர்எஸ்யூ உழைப்புக்குக் கிடைத்தது, அதனால் அந்த வகையில் வராது. 1099-பியில் 1இ பெட்டி காலியாகவோ பூஜ்யமாகவோ இருக்கும். விற்ற தொகை மட்டும் ஐஆர்எஸ்ஸுக்குப் போகும். ரிட்டர்னில் 8949 படிவமும் (பங்கு விற்பனைக் கணக்கைக் காட்டுவது) இல்லையென்றால், கணினி அடக்கத்தைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது.

உங்க உண்மைக் கணக்கு: 42 பங்கில் லாபம் 0. 78 பங்கில் 78 × 12 = 936 டாலர், குறுகிய கால லாபம். நீங்க 24 சதவீத அடுக்கில் இருப்பதால் வரி சுமார் 225 டாலர். 7,425 எங்கே, 225 எங்கே!

செய்ய வேண்டியது:

1. 8949 படிவத்தின் முதல் பகுதியில் 'பி' பெட்டியை டிக் பண்ணுங்க (குறுகிய காலம், அடக்கம் ஐஆர்எஸ்ஸுக்குத் தெரிவிக்கப்படவில்லை). இரண்டு வரி: 42 பங்கு, விற்றது 10,500, அடக்கம் 10,500. அடுத்து 78 பங்கு, விற்றது 20,436, அடக்கம் 19,500. இதற்கு ஷெட்யூல் டி-யும் (லாப நஷ்டத் தொகுப்புப் படிவம்) வேண்டும்.

2. ஆதாரம்: புரோக்கர் தளத்தில் 1099-பியோடு சேர்த்து 'சப்ளிமெண்டல்' என்று தனி அறிக்கை இருக்கும். சரிக்கட்டிய அடக்க விலை அதில்தான் இருக்கும். அதோடு வெஸ்ட் ஆன நாளின் உறுதிச் சீட்டு, டபிள்யூ-2 நகல், அந்த மாதச் சம்பளச் சீட்டு.

3. பதில் படிவத்தில் 'சம்மதம் இல்லை' என்பதைக் குறித்து, ஒரு பக்கக் கடிதம். கதை வேண்டாம். "30,000 டாலர் ஏற்கெனவே டபிள்யூ-2 முதல் பெட்டியில் வரிக்கு உட்பட்டது, சரியான லாபம் 936, அதற்கான வரியை ஏற்கிறேன்" என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டால் போதும்.

நோட்டீஸில் உள்ள பேக்ஸ் எண்ணுக்கோ, ஐஆர்எஸ் தளத்தின் ஆவணப் பதிவேற்ற வசதியிலோ அனுப்பலாம். தபால் என்றால் சர்டிபைட் மெயில், ஒப்புகை அட்டையோடு. பதில் படிவம் மேலே இருக்கட்டும், ஒவ்வொரு தாளிலும் வரி ஆண்டையும் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி 4 இலக்கத்தையும் எழுதுங்க. தாள்கள் பிரிந்துபோனால் சேர்க்க அது உதவும்.

1040-எக்ஸ் தேவையில்லை. நோட்டீஸில் இல்லாத வேறு வருமானமோ கழிவோ மாற வேண்டியிருந்தால் மட்டும், மேலே சிபி2000 என்று எழுதி, பதில் படிவத்துக்குப் பின்னால் வைக்கணும்.

தணிகை_76:

அபராதத்தைப் பற்றி ஒன்று. அந்த 1,485, அதாவது வரியில் 20 சதவீதம், குறைத்துக் காட்டிய வரி 5,000 டாலரையோ, கட்ட வேண்டிய சரியான வரியின் 10 சதவீதத்தையோ (எது அதிகமோ அதை) தாண்டினால் விழுவது. உங்களுக்கு 10 சதவீதம் 5,000ஐ எட்டாது, ஆகவே வரம்பு 5,000. குறைவு 225 ஆனதும் இந்த அபராதத்துக்கு அடிப்படையே இல்லை. கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். வட்டி மட்டும் 225க்கு, 2024 ஏப்ரல் 15லிருந்து ஓடும். 2024இல் 8 சதவீதம், 2025இல் 7 சதவீதம், தினக் கூட்டு வட்டி.

19 நாளில் காகிதம் கிடைக்காதென்றால், கெடு முடியும் முன்பே நோட்டீஸில் உள்ள எண்ணுக்கு அழைத்து அவகாசம் கேளுங்கள். பெரும்பாலும் 30 நாள் கொடுப்பார்கள்.

சும்மா இருந்துவிடுவதுதான் ஆபத்து. அடுத்து வருவது சட்டப்படியான வரிக்குறை நோட்டீஸ் (கட்டிய வரி குறைவு என்று முறைப்படி சொல்வது). அதன் தேதியிலிருந்து 90 நாளுக்குள் வரி நீதிமன்றத்தில் மனுப் போடணும், கட்டணம் 60 டாலர். அந்தக் கெடுவை ஐஆர்எஸ் அதிகாரி நீட்டிக்கவே முடியாது. அந்த சமயத்தில் போனில் "பார்த்துக்கொண்டிருக்கிறோம், பொறுங்கள்" என்று யார் சொன்னாலும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பலர் சிக்குவது இங்கேதான். உங்கள் பதில் இன்னும் பரிசீலனையில் இருந்தாலும் மனுவைப் போட்டுவிடுங்கள்.

நீலகிரித்தேநீர்:

ஊர் திரும்பியவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால்: நோட்டீஸ் போவது கடைசியாகத் தாக்கல் செய்த ரிட்டர்னில் உள்ள முகவரிக்கு. வேலை முடிந்து சென்னைக்கோ கோவைக்கோ வந்துவிட்டால் 8822 படிவம் அனுப்பி முகவரியை மாற்றுங்கள். பழைய அபார்ட்மெண்டில் நோட்டீஸ் கிடந்தாலும் சட்டப்படி அது சேர்ந்ததாகவே கணக்கு. வெளிநாட்டில் இருப்பவருக்கு சிபி2000க்கு 60 நாள், வரிக்குறை நோட்டீஸுக்கு 150 நாள். ஆனால் நோட்டீஸில் அச்சிட்டிருக்கும் கடைசித் தேதியை மட்டும் நம்புங்கள். ஐஆர்எஸ் இணையக் கணக்கில் டிரான்ஸ்கிரிப்ட்டை (உங்கள் வரிக் கணக்கின் பதிவு) பார்த்தால் 922 என்ற குறியீடு தெரியும். இந்த ஒப்பீட்டில் உங்கள் ரிட்டர்ன் மாட்டியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

பவானிக்கரை:

நல்ல குறிப்பு. இஎஸ்பிபி (ஊழியர் பங்கு வாங்கும் திட்டம்), ஆப்ஷன் (குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை) வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே காசு கொடுத்து வாங்குவதால் அடக்கம் ஐஆர்எஸ்ஸுக்குப் போகும், ஆனால் குறைவாகப் போகும். 2014 ஜனவரி 1 முதல் கொடுக்கப்பட்டவற்றுக்கு, சம்பளமாக வரி கட்டிய பகுதியை அடக்கத்தில் சேர்க்கவே கூடாது என்று புரோக்கர்களுக்கு விதி இருக்கிறது. அதனால் 1099-பி எண்ணை அப்படியே சாப்ட்வேரில் இறக்கினால் ஒரே பணத்துக்கு இருமுறை வரி கட்டுவீர்கள். 8949இல் 'ஏ' (குறுகிய காலம்) அல்லது 'டி' (நீண்ட காலம்) பெட்டியில் புரோக்கர் சொன்ன அடக்கத்தை அப்படியே போட்டு, 'எப்' பத்தியில் 'பி' என்ற குறியீடு, 'ஜி' பத்தியில் வித்தியாசத்தை மைனஸாக எழுதணும். முன்பே கூடுதலாகக் கட்டியிருந்தால், தாக்கல் செய்து 3 ஆண்டுக்குள் 1040-எக்ஸ் போட்டுத் திரும்ப வாங்கலாம்.

குறிஞ்சிப்பூ, கலிபோர்னியாவை மறக்க வேண்டாம். ஐஆர்எஸ் இறுதி முடிவு வந்து 6 மாதத்துக்குள் அந்த 936ஐ மாநிலத்துக்கும் தெரிவிக்கணும்.

குறிஞ்சிப்பூ:

சப்ளிமெண்டல் அறிக்கை கிடைத்துவிட்டது, 42க்கும் 78க்கும் அடக்கம் தனித்தனியாகவே இருக்கிறது. இன்று இரவு 8949 நிரப்பி, நாளை பேக்ஸும் சர்டிபைட் மெயிலும் இரண்டுமே அனுப்பிவிடுகிறேன். மிக்க நன்றி.

தணிகை_76:

இரண்டில் ஒன்று போதும். ஒரே பதில் இரு வழியில் போனால் தனித்தனி அலுவலர் கையில் விழுந்து தாமதமாகும். பேக்ஸ் என்றால் வெற்றிகரமாகச் சென்றதற்கான சீட்டை, பக்க எண்ணிக்கை தெரியும்படி எடுத்து வையுங்கள்.