லெவல் 3 சான்றுக்கான ராக்கெட்: ஆல்டிமீட்டர், பாராசூட் அனுபவங்கள்

தும்பி:
நெவாடாவின் பிளாக் ராக் வறண்ட ஏரிப்படுகையில், நண்பர் ஒருவர் லெவல் 3-க்காக (பொழுதுபோக்காகப் பெரிய ராக்கெட் ஏவுவோருக்கான உயர்மட்டச் சான்று) எம் வகைப் பெரிய மோட்டார் பொருத்தி நிறுத்திய ராக்கெட்டின் நினைவு இன்னும் என்னை விடவில்லை. காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தை அளந்து, பாராசூட்டை வெளியே தள்ளும் வெடிமருந்தை உரிய நேரத்தில் வெடிக்கவைக்கும் இரண்டு ஆல்டிமீட்டர்களின் சுவிட்சுகளையும் அவர் அடுத்தடுத்துப் போட்டுவிட்டதால், இரண்டின் பீப் ஒலிகளும் காற்றின் இரைச்சலில் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஏணியில் ஏறி, காற்றழுத்தத் துளையில் காதை ஒட்டவைத்துக் கேட்டேன். மின்தொடர்ச்சி சரியாக இருந்தால் மும்மூன்றாக ஒலிக்க வேண்டியவற்றுள் ஒன்று இரண்டிரண்டாகவே ஒலித்தது. "இன்னொன்று நன்றாகத்தானே இருக்கிறது, ஏவிவிடலாமா?" என்று அவர் கேட்டபோது அந்தக் குரலில் இருந்த ஆதங்கத்தை மறக்க இயலவில்லை. இரண்டையும் அணைத்து, ராக்கெட்டைச் சாய்த்துக் கழற்றிப் பார்த்தோம். மருந்தைப் பற்றவைக்கும் மின்திரியான இ-மேட்ச் கம்பியின் செம்பை விட்டுவிட்டு, அதன் பிளாஸ்டிக் உறையைத் திருகு கவ்வியிருந்தது.

பற்றாசு:
தும்பி அவர்களே, இறக்கியது சரியே. லெவல் 3 விதிகளே இரண்டு தனித்தனி மின்சுற்றுகளைக் கேட்கின்றன. ஆனால், பீப் ஒலிக்கு நீங்கள் தரும் இடத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கலிபோர்னியாவின் லூசெர்ன் ஏரிப்படுகையில் நான் பார்த்த ராக்கெட்டில் எல்லா ஒலிகளும் சரியாகவே கேட்டன. உச்சியில் மருந்து வெடித்த புகை தெரிந்தது. மாற்று ஆல்டிமீட்டரின் மருந்தும் வெடித்தது. உடல் மட்டும் பிரியவில்லை. அம்பாக இறங்கிய ராக்கெட்டிலிருந்து மெயின் (தாழ்ந்த உயரத்தில் விரிய வேண்டிய பெரிய பாராசூட்) வெளிவந்த வேகத்திலேயே அதன் துணி கிழிந்தது. தரையில் மருந்தை வெடித்துப் பார்த்த சோதனைக்குப் பிறகு, டிரோக் (உச்சியில் விரியும் சிறிய பாராசூட்) பகுதியில், உடலைப் பிணைத்து வெடிப்பில் முறியும் நைலான் திருகுகளைக் கூட்டியவர்கள், மருந்தைப் பழைய அளவிலேயே விட்டிருந்தார்கள். மின்தொடர்ச்சி இருப்பதாலேயே மருந்து போதும் என்று ஆகிவிடாது.

மேகவண்ணன்:
என் அனுபவம் சிறியது. டிரோக் பிரிந்த அதிர்ச்சியில் மூக்குக் கூம்பும் கழன்று, மெயின் உச்சியிலேயே விரிந்ததால், ராக்கெட் காற்றோடு வெகுதூரம் போய்விட்டது. ஜிபிஎஸ் இருந்ததால் மட்டுமே கிடைத்தது. ஆகவே, நைலான் திருகு மெயின் பகுதிக்குக் கட்டாயம் தேவை என்பேன். மேலும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். மாற்று ஆல்டிமீட்டர் உச்சிக்கு ஓரிரு விநாடி கழித்து வெடிக்கட்டும். அதன் மருந்து முதன்மை அளவைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும், இல்லையேல் பற்றாசு கண்ட காட்சியே மீண்டும் நேரும். அழுத்தத் துளைகள் மிகச் சிறிதானால் அளவீடு பின்தங்கும். மிகப் பெரிதானால் காற்றின் வீச்சு உள்ளே புகுந்து குழப்பும். ஒலிவேகத்தை ஒட்டிய கட்டத்தில் அழுத்தம் தாறுமாறாக மாறுவதால், அப்போது வெடிக்காதபடி தடுக்கும் வசதி உங்கள் கருவியில் எப்படி இயங்குகிறது என்பதைக் கையேட்டில் படித்துவிடுங்கள். 9 வோல்ட் பேட்டரியைக் கிளிப்பின் பிடியை மட்டும் நம்பி விடாமல், பலகையோடு சேர்த்து இறுகக் கட்டுங்கள். கம்பிகள் வெளியேறும் துளைகளையும் அடைத்துவிடுங்கள்; டிரோக் மருந்தின் புகை ஆல்டிமீட்டர் அறைக்குள் புகுந்தால் அழுத்தம் திடீரென ஏறும், உயரம் குறைந்துவிட்டதாகக் கருவி எண்ணி மெயினை உச்சியிலேயே திறந்துவிடக்கூடும்.