காது சோதிக்கப் போன இடத்தில நடந்தது: உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ

கொக்குவில் மகள்
எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தில காது சோதிக்கிற முகாம் வைச்சவை. அம்மா வரமாட்டன் எண்டு நிண்டவ. "எனக்கென்ன செவிடோ" எண்ட அதே கதை. ஒருமாதிரிக் கூட்டிக்கொண்டு போனன். ஹெட்போனைப் போட்டுவிட்டு கையில ஒரு பொத்தானைத் தருவினம், சத்தம் கேட்டால் அமத்தவேணும், தெரியும்தானே. அம்மா டக்கு டக்கெண்டு அமத்தினா.

சோதிச்ச பிள்ளை கொஞ்ச நேரம் ஒண்டும் பேசேல்லை. பிறகு எழும்பி வந்து அம்மான்ர கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைச்சுது. அப்பதான் எனக்கு விளங்கினது. பழைய பேப்பர் அடுக்கின அலுமாரிக் கண்ணாடியில அந்தப் பிள்ளையின்ர கை தெரிஞ்சிருக்கு. கை அசையேக்க எல்லாம் அம்மா அமத்தியிருக்கிறா. திருப்பின பிறகு ஒண்டும் இல்லை. பொத்தானில பெருவிரலை வைச்சபடி சுவரையே பாத்துக்கொண்டு, எப்ப வரும் எப்ப வரும் எண்டு இருந்தா.

ஆஸ்பத்திரியில வடிவா எடுத்துப் பாத்தால் ரெண்டு காதும் 60 டெசிபெலுக்கு மேல, அதாவது சாதாரணமாக் கதைக்கிற சத்தமே வடிவாக் கேளாது. இவ்வளவு காலமும் எங்கட வாயையும் முகத்தையும் பாத்துத்தான் ஒரு குடும்பத்தை நடத்தியிருக்கிறா. அந்தப் பெருவிரல் எனக்குக் கண்ணுக்குள்ளயே நிக்குது.

வடமராட்சியான்
தங்கச்சி, அம்மாவைக் கண்ணாடிக்கு முன்னால இருத்தினது சோதிச்சவையின்ர பிழை. சனம் வந்து போற மண்டபத்தில, ஃபான் சுத்தச் சுத்த எடுக்கிற சோதினையை வைச்சு ஒண்டும் முடிவெடுக்கேலாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது நல்லது.

என்ர அப்பாவின்ர காது வயசால போகேல்லை. 1987 இல ஆமி செய்த வடமராட்சி ஒப்பரேசன் நேரம் செல் (எறிகணை) கிட்ட விழுந்தது. அண்டையிலயிருந்து வலது காதில இரைச்சல், வண்டு கத்துற மாதிரி எண்டுவார். எந்த டொக்டரிட்டைப் போனாலும் "வயசு போனால் உப்பிடித்தான் ஐயா". நாப்பது வயசிலயும் அந்தாளுக்குக் கேக்கேல்லையே, அதை ஆர் கேட்டவை?

கொரோனா நேரம் கிளினிக்குக்குத் தனியப் போனவர். எல்லாரும் மாஸ்க், மருந்து குடுக்கிற இடத்தில பொலித்தீன் மறைப்பு வேற. நம்பர் கூப்பிட்டது தெரியேல்லை. நான் தேடிப் போகேக்க கவுண்டர் பூட்டி, வாங்கில அவர் மட்டும். கையில இருந்த துண்டு வேர்வையில நனைஞ்சு நம்பரே அழிஞ்சு போச்சு. "என்னை இன்னும் கூப்பிடேல்லை" எண்டார். கேக்கேல்லை எண்டு அவர் வாயால வரேல்லை. நம்பரை எழுதிக் காட்ட ஒரு பலகை வைச்சால் போதும். அதைக்கூடச் செய்யாத இடத்தை நான் மன்னிக்கமாட்டன்.

சுன்னாகம் ஐயா
என் மூத்த சகோதரி காது கேட்கும் மெசின் போட்ட முதல் நாளே கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். "சட்டி பானை எல்லாம் தலைக்குள்ள விழுகுது" என்றார். பெரும்பாலான வீடுகளில் கதை இத்தோடு முடிந்துவிடுகிறது, ஆகவே சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்த மூளைக்குப் பழக வாரக்கணக்கில் எடுக்கும். முதலில் அமைதியான அறையில், ஒரே ஆளோடு, கொஞ்ச நேரம் போடட்டும். கலியாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் முதல் நாளே போட்டுக்கொண்டு போகவேண்டாம். பற்றறியின் ஸ்ரிக்கரை இழுத்தபின் ஒரு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். காற்றுப் பட்டுத்தான் அது வேலை செய்யத் தொடங்கும், ஸ்ரிக்கர் கழற்றியதைச் சும்மா வைத்தாலும் இறங்கிவிடும். இரவில் பற்றறி மூடியைத் திறந்து, மருந்துப் போத்தலுக்குள் வரும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு ஒரு டப்பாவில் வையுங்கள். நமது வெக்கைக்கும் வேர்வைக்கும் இது கட்டாயம். எண்ணெய் தேய்த்து முழுகும் நாளில் தலையில் எண்ணெய் படமுன்பே கழற்றவேண்டும். மெசின் கீ என்று கத்தினால் மோல்ட் (காதுக்குள் பொருந்தும் அச்சு) சரியாக இருக்கவில்லை, அல்லது காதுக்குள் குறும்பி.

வீட்டுக்காரரே, கத்தாதீர்கள். முதுமையில் முதலில் போவது மெல்லிய, உயர்ந்த சுருதி ஒலிகள்: ச, த போன்றவை. கத்தினால் அவை தெளியாது, ஆள் ஏசுகிறார் என்றுதான் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகம் பார்க்கவிட்டு, ஆறுதலாகச் சொல்லுங்கள்.

மெசினை வெளியில் வாங்கப் பெரும் செலவு போகும். இயலாதவர்கள் கிளினிக் அறிக்கையையும் கிராம சேவகரின் கடிதத்தையும் கொண்டு பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள்.

தென்மராட்சி அக்கா
ஐயா சொன்னது வயசுபோன ஆக்களுக்குச் சரி. ஆனால் மெசின் போட்டால் எல்லாம் முடிஞ்சுது எண்டு ஊர் நினைக்குது, அதுதான் எனக்குக் கோவம். என்ர தங்கச்சி பிறவியிலேயே கேளாதவள். கேளாத பிள்ளையள் படிக்கிற கைதடி நவீல்ட் பாடசாலையில படிச்சவள். அவளின்ர பாசை கை. சின்னனில மெசினைப் போட்டு "அம்மா எண்டு சொல்லு, சொல்லு" எண்டு சொந்தக்காரர் படுத்தின பாடு கொஞ்சமில்லை.

போன வருசம் காய்ச்சலெண்டு அவளை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனன். நேர்ஸ் என்னைப் பாத்து "இவவுக்கு எத்தினை வயசு? சாப்பிடுறாவோ?" தங்கச்சி பக்கத்தில நிண்டு அந்த வாயையே பாத்துக்கொண்டிருந்தாள். பிறகு மேசையில கிடந்த பேனையை எடுத்து, கிளினிக் கொப்பியின்ர பின்பக்கத்தில "என்னட்டைக் கேளுங்கோ. எழுதுங்கோ, பதில் தாறன்" எண்டு எழுதி நேர்ஸுக்கு முன்னால தள்ளி வைச்சாள். வடிவான எழுத்து. நேர்ஸ் எழுதத் தொடங்கினா. எல்லாம் முடிய அவளின்ர தோளில கை வைச்சு அனுப்பினா.

தீவகத்து ரீச்சர்
காதுக்குள்ள எண்ணெய் காய்ச்சி விடுற பழக்கத்தைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லையே! என்ர வகுப்பில ஒரு பெடியன், என்ன கேட்டாலும் "ஓம் ரீச்சர்". நல்ல பிள்ளை எண்டு மற்ற ரீச்சர்மார் சொல்லுவினம். ஒருநாள் "உன்ர புத்தகம் எங்கை?" எண்டு கேட்டன். "ஓம் ரீச்சர்." கிட்டப் போனால் காதில பஞ்சு, பஞ்சில சீழ். வீட்டில வருசக்கணக்கா எண்ணெய் விட்டிருக்கினம், அதோட கடல் குளிப்பு.

சீழ் வாற காதுக்கு எண்ணெயும் கூடாது, தண்ணியும் கூடாது. தாயோட கதைச்சு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினன். காதுச் சவ்வில ஓட்டை, சீழ் காய்ஞ்ச பிறகு அடைக்கலாமாம். இப்ப முன் வாங்கில, நல்ல காது என்ர பக்கம் இருக்கிற மாதிரி இருத்தியிருக்கிறன். நேற்று முதல்முறையா "விளங்கேல்லை ரீச்சர், திருப்பிச் சொல்லுங்கோ" எண்டான்.