‘மச் செட் பை’ என்றால் ஒதுக்கி வைப்பதா, மதிப்பதா?

கேள்வி:
வணக்கம். தாத்தா வைத்திருந்த கிங் ஜேம்ஸ் பைபிளை (1611-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு) தினம் ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறேன். 1 சாமுவேல் 18-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் சிக்கிக்கொண்டேன். தாவீது சவுல் ராஜாவின் ஆட்கள் எல்லாரையும்விடப் புத்தியாக நடந்துகொண்டான் என்று சொல்லிவிட்டு, ‘ஸோ தட் ஹிஸ் நேம் வாஸ் மச் செட் பை’ என்று முடிகிறது. பணத்தை ‘செட் பை’ செய்வது என்றால் எடுத்து ஒதுக்கி வைப்பது என்றுதான் எனக்குத் தெரியும். நல்ல பெயர் எடுத்தவனின் பெயரை ஏன் ஒதுக்கி வைக்கிறார்கள்? ‘பை’க்கு அப்புறம் ஒன்றுமே இல்லாமல் வாக்கியம் நின்றுவிடுவதும் உறுத்துகிறது.

பதில் 1:
தமிழ் பைபிளிலும் அதே வசனத்தைப் பாருங்கள் தம்பி, ‘அவன் பேர் மிகவும் கனம்பெற்றது’ என்று இருக்கும். மதித்தார்கள், அவ்வளவுதான்.

பதில் 2:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் அந்த அர்த்தம் எப்படி வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். இங்கே ‘செட்’ என்பது விலை வைப்பது, மதிப்புப் போடுவது. யாருக்கு அல்லது எதற்கு என்பதை ‘பை’ காட்டுகிறது. செய்வினையில் ‘செட் மச் பை ஹிஸ் நேம்’ என்று வரும், செயப்பாட்டுவினையாக்கும்போது பெயர் முன்னால் போய்விட, ‘பை’ மட்டும் கடைசியில் தனியாக நிற்கிறது. எவ்வளவு மதிப்பு என்பதற்கும் ஒரு சொல் கூடவே வரும். எசேக்கியேல் 22:7-இல் ‘செட் லைட் பை ஃபாதர் அண்ட் மதர்’, அதாவது தாய் தகப்பனை அற்பமாக எண்ணினார்கள். அங்கே இலேசு, இங்கே கனம். 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் சேவல் கதையில், கப்பலில் போகாதே, கனவு கண்டேன் என்று தடுக்கிற நண்பனிடம் ஒருவன், உன் கனவுக்கு ஒரு வைக்கோல்கூட ‘செட்’ பண்ண மாட்டேன் என்கிறான். நாம் துரும்பாகக்கூட மதிக்கவில்லை என்கிறோமே, அதேதான்! போனவன் கப்பலோடு மூழ்கிவிடுகிறான்.

பதில் 3:
1 சாமுவேல் 26:24-ஐயும் படியுங்கள். தூங்கிக்கொண்டிருந்த சவுலைக் கொல்லாமல் ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு போன தாவீது, உன் உயிர் என் கண்ணுக்கு எப்படி இருந்ததோ அப்படியே என் உயிரும் கர்த்தருக்கு இருக்கட்டும் என்கிற இடம். அங்கேயும் இரண்டு முறை ‘மச் செட் பை’தான். மூலமொழியான எபிரேயத்தில் இரண்டு அதிகாரத்திலும் வேறு வேறு சொல்: 18-இல் விலையேறப்பெற்றதாவது, 26-இல் பெரிதாவது. இன்றைக்கு எழுதும்போது இதைப் பயன்படுத்தாதீர்கள், ஒதுக்கி வைப்பதாகத்தான் படிப்பார்கள். ‘செட் ஸ்டோர் பை’ என்றால் மதிப்பது என்று இப்போதும் புரியும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. 26-ஆம் அதிகாரத்தை இப்போதுதான் படித்தேன், அந்த ‘பை’ இப்போது உறுத்தவே இல்லை.