புரட்டாசியும் மேப்பிளும்: ஒன்ராறியோ இலையுதிர் காலத்தில் நீங்கள் பார்த்தது, உடுத்தது, சுட்டது

மேப்பிள்வாசி (ஸ்காபரோ)

செப்டெம்பர் கடைசி வந்தால் போதும், எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே கேள்விதான்: இலை நிறம் பார்க்க அல்கோன்குவின் பூங்காவுக்கு எப்போது போகலாம்? போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை மூன்று மணி நேரம் வடக்கே ஓடி, நெடுஞ்சாலை 60இல் கார் வரிசையில் ஊர்ந்து, ஒரு சிவப்பு மரத்துக்குக் கீழே குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, "சரி, ஃபால் முடிஞ்சுது" என்று அடுத்த நாளே பனிக்கால ஜாக்கெட்டைத் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. செப்டெம்பர் நடுவில் ஆப்பிளோடு தொடங்கினால் நவம்பர் முதல் வாரம் வரை இழுக்கலாம் இந்தக் காலத்தை. யாருக்கு என்ன நடந்தது, யாரைச் சந்தித்தீர்கள் என்று எழுதுங்கள். நான் தொடங்குகிறேன்.

போன வருஷம் மில்டன் பக்கம் ஒரு ஆப்பிள் தோட்டத்துக்குப் போனோம். மகன் ஆப்பிளைப் பிடித்து, மரமே ஆடுகிற மாதிரி இழுத்துக்கொண்டிருந்தான். அங்கே வேலை செய்கிற ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டு வந்தார், ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் ஒரு பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கித் தூக்கி, இலேசாகத் திருகினார், காம்போடு கையில் வந்துவிட்டது. பிறகு கிளையில் விரல் நீளம்கூட இல்லாத ஒரு முண்டுக் குச்சியைக் காட்டி, இழுத்தால் இதுவும் சேர்ந்து ஒடியும், அடுத்த வருஷத்து மொட்டு இதில்தான் இருக்கிறது என்றார். மகன் குனிந்து அந்த மொட்டைத் தடவிப் பார்த்தான், அதற்குப் பிறகு எங்களுக்கே வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டான்.

எதற்கு வாங்குகிறீர்கள் என்று அவர் கேட்டார். பை (pie, மாவுக்குள் பழம் வைத்துச் சுடுகிற பண்டம்) சுட என்றதும் என் கூடையைப் பார்த்துச் சிரித்தார், ஏனென்றால் கூடை முழுக்க மெக்கின்டோஷ் வகை ஆப்பிள். 1811இல் இதே ஒன்ராறியோவில், டண்டெலா என்ற ஊரில், ஜோன் மெக்கின்டோஷ் என்பவர் காடு வெட்டும்போது கண்டெடுத்த கன்றிலிருந்து வந்த பழம் அது. கடித்துச் சாப்பிட அருமை, அவணில் வைத்தால் குழைந்து களியாகிவிடும். சோஸ் காய்ச்சலாம். பைக்கு வேண்டுமென்றால் நோர்தன் ஸ்பை என்ற வகை, அது ஒக்டோபர் நடுவில்தான் பழுக்கும், அப்போது வா என்றார். போனேன். தோட்டத்தில் கூட்டமே இல்லை, விழுந்த பழத்தைச் சுற்றி மொய்க்கிற குளவிகளும் குளிருக்கு அடங்கிவிட்டிருந்தன.

குளிர்விரோதி (மிசிசாகா)

அக்கா, நான் மதுரைக்காரி. 20 டிகிரிக்குக் கீழே போனாலே எனக்குக் கோபம் வரும். அதனால் ஊர் சுற்றுவதை மற்றவர்கள் எழுதட்டும், நான் உடுப்புப் பற்றிச் சொல்கிறேன்.

நவராத்திரிக்கு ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தேன். சாயங்காலம், காற்று, கார் நிறுத்த இடம் கிடைத்தது எங்கேயோ ஒரு கோடியில். பட்டுப்புடவைக்கு மேலே கோட்டைப் போட்டு, மடிப்பெல்லாம் கசங்கி, நடுங்கிக்கொண்டே உள்ளே போனால், வரிசையில் முன்னால் நின்ற ஒரு மாமி கோட்டே இல்லாமல் கம்பீரமாக நிற்கிறார். அரக்குக் காஞ்சிபுரம், ரவிக்கைக்குப் பதில் கழுத்து மூடிய கறுப்பு ஸ்வெட்டர், அதற்கு மேல் காசு மாலை. "மாமி, குளிரலையா?" என்றேன். "உள்ளே மெரினோ கம்பளிடி, கீழே தெர்மல் லெக்கிங்ஸ், பாவாடைக்குள்ள எவன் பாக்கப்போறான்" என்றார். அசந்துவிட்டேன். செருப்பு வைக்கிற இடத்தில் நான் பூட்ஸ் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவர் பக்கத்தில் எலாஸ்டிக் வைத்த குட்டைப் பூட்ஸைக் கழற்றி, கம்பளிச் சாக்ஸோடு விறுவிறுவென்று போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கும் அதே சீருடைதான். காலையில் 5 டிகிரி, மத்தியானம் 17 என்று ஆடுகிற இந்த ஊரில் ஒரே தடித்த ஜாக்கெட் போட்டால் பாதி நாள் வேர்க்கும், பாதி நாள் விறைக்கும். மெல்லிசாக இரண்டு மூன்று அடுக்கு, உடம்போடு ஒட்டுகிற அடுக்கு மட்டும் பருத்தி வேண்டாம். பருத்தி வேர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும், நடை நின்றதும் முதுகு ஜில்லென்று ஆகும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். அப்புறம், இங்கே கடைகளில் 'ஃபால் கலர்' என்று காட்டுகிற கடுகு மஞ்சள், அரக்கு, காவி, பாசிப்பச்சை எல்லாம் நம் பீரோவில் வருஷம் முழுக்கத் தூங்குகிற நிறங்கள்தான். கைத்தறித் துப்பட்டாவை நாலாக மடித்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஆபீஸ் போகிறேன், எங்கே வாங்கினாய் என்று கேட்காத ஆள் இல்லை.

ஏஜக்ஸ் அண்ணன்

இலையை மட்டும்தானா பார்ப்பீர்கள்? தண்ணீருக்குள்ளேயும் ஒரு ஃபால் நடக்கிறது.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது போர்ட் ஹோப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன், ஏஜக்ஸிலிருந்து நெடுஞ்சாலை 401இல் கிழக்கே ஒரு மணி நேரம்கூட இல்லை. கனரஸ்கா ஆற்றில் கோர்பெட்ஸ் அணை என்று ஒன்று இருக்கிறது. செப்டெம்பரில் ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சமன் மீன்கள் முட்டையிட அந்த ஆற்றில் ஏறி வரும். நாங்கள் போன அன்று ஆறு கறுப்பாக அசைந்துகொண்டிருந்தது, கிட்டப் போய்ப் பார்த்தால் அத்தனையும் மீன் முதுகு. ஒவ்வொன்றாக எகிறி, நுரைக்குள் மோதி, விழுந்து, திரும்பவும் எகிறும். பக்கத்தில் மீன் ஏறுவதற்கென்றே படிபோல ஒரு வழி கட்டியிருக்கிறார்கள், அதைக் கண்டுபிடிக்கிற மீன் சத்தமில்லாமல் மேலே போய்விடும்.

அம்மா பருத்தித்துறையில் பிறந்து வளர்ந்தவர். கம்பியைப் பிடித்துக்கொண்டு கனநேரம் பேசாமல் நின்றார். பிறகு, "இவ்வளவு பெரிய மீன் துள்ளுது, ஒருத்தரும் பிடிக்கேல்லையோ?" என்றார். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என்னவென்று கேட்க, நான் மொழிபெயர்க்க, அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தான் தூண்டில் போடுகிறவர்தான், ஆனால் இந்த இடத்தில் போடக்கூடாது என்று அம்மாவுக்குக் கையால் நடித்துக் காட்டினார். இவை இந்த ஏரியின் பழைய மீன்கள் அல்ல, இங்கே இருந்த அட்லாண்டிக் சமன் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அற்றுப்போய்விட்டது, சினூக் பசிபிக்கிலிருந்து கொண்டுவந்து விட்டது என்றும் சொன்னார். முட்டையிட்டபின் இவை செத்துப்போகும் என்று சொன்னதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "அப்ப ஏன் இந்தப் பாடு" என்று காரில் ஏறும்வரை முணுமுணுத்தார். ஒக்டோபர் பிந்திப் போனால் கரையெல்லாம் செத்த மீன் நாறும், செப்டெம்பரிலேயே போங்கள்.

பஸ்பாஸ் (நார்த் யார்க்)

கார் இல்லாத மாணவன் நான். அல்கோன்குவினுக்கு வண்டி அனுமதிச்சீட்டு முன்பதிவு, ஹோட்டல் என்று சீனியர்கள் பேசும்போது வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் மிருகக்காட்சிசாலைக்குப் போகிற டிடிசி (டொரண்டோ நகரப் போக்குவரத்து) பஸ்ஸில் ஏறினால் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா வந்துவிடும். கனடாவின் முதல் தேசிய நகர்ப்புறப் பூங்கா, நுழைவுக் கட்டணம் கிடையாது. விஸ்டா பாதையில் ஒரு மரமேடை இருக்கிறது, அங்கே நின்றால் பள்ளத்தாக்கு முழுக்க நிறம். டொரண்டோவில் நிறம் உச்சத்துக்கு வருவது ஒக்டோபர் நடுப்பகுதிக்கு மேல்தான், வடக்கே கொட்டி முடித்த பிறகு.

இன்னொன்று. நவம்பர் பக்கம், பல்கலைக்கழகத்துக்கு அருகே ஒரு தெருவில் தாங்க முடியாத நாற்றம், யாரோ வாந்தி எடுத்த மாதிரி. ஒரு சீனப் பாட்டி கையுறை போட்டுக்கொண்டு கீழே கிடந்த மஞ்சள் உருண்டைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். ஜிங்கோ மரம். சதையைக் கழுவி எறிந்துவிட்டு உள்ளே இருக்கிற பருப்பை வறுத்துச் சாப்பிடுவார்களாம், ஆனால் நிறையச் சாப்பிட்டால் விஷம் என்று விரலால் எண்ணிக் காட்டினார். வெறுங்கையோடு தொடப்போன என்னைத் தட்டிவிட்டார், அரிக்குமாம். மறுநாள் இரவு நல்ல உறைபனி. காலையில் வகுப்புக்குப் போகும்போது அந்த மரத்தில் ஒரு இலை இல்லை, நடைபாதை முழுக்க மஞ்சள். மற்ற மரங்கள் வாரக்கணக்கில் உதிர்க்கும், இது ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறது.

துளசிமாடம் (பிராம்ப்டன்)

எல்லாரும் ஆசை காட்டுகிறீர்கள். எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கச் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. இங்கே தாங்க்ஸ்கிவிங் என்ற நன்றி நாள் வருவது ஒக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை, அனேகமாக எல்லா வருஷமும் புரட்டாசிக்குள் விழுந்துவிடுகிறது. பிள்ளைகள் பள்ளியில் கேட்டுவிட்டு வந்து பை, பை என்று நச்சரிக்கிறார்கள். என்ன செய்ய?

மேப்பிள்வாசி (ஸ்காபரோ)

துளசிமாடம், ஆப்பிள் பைக்கு முட்டையே தேவையில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று: கடையில் உறைய வைத்து விற்கிற பை மாவுத்தட்டு பலதிலும் பன்றிக் கொழுப்பு இருக்கும். பெட்டியில் 'லார்ட்' என்று போட்டிருக்கிறதா என்று வாசித்துவிட்டு வாங்குங்கள். வீட்டிலேயே செய்வது பெரிய வேலை இல்லை. 300 கிராம் மைதா, 225 கிராம் பட்டர், உப்பு. பட்டர் பிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கல்லுப்போல இருக்க வேண்டும், சின்னத் துண்டுகளாக வெட்டி மாவில் விரல்நுனியால் உதிர்த்துவிடுங்கள், பட்டாணி அளவுக் கட்டிகள் அங்கங்கே தெரியலாம், தெரியத்தான் வேண்டும், அவை உருகித்தான் அடுக்கு அடுக்காக வரும். ஐஸ் தண்ணீர் கரண்டி கரண்டியாக விட்டு, மாவு ஒட்டிச் சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். ரொட்டிக்குப் பிசைகிற மாதிரி அடித்துப் பிசைந்தால் இறுகிப்போகும். ஒரு மணி நேரம் பிரிட்ஜில் வைத்துவிட்டு இரண்டாகப் பிரித்துத் தேய்க்கலாம், ஒன்று அடிக்கு, ஒன்று மூடிக்கு.

உள்ளே வைக்க ஆறேழு ஆப்பிள், மண்ணிறச் சீனி, தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு), ஒரு மேசைக்கரண்டி சோளமா (கோர்ன் ஸ்டார்ச்), கறுவாத் தூள். நான் ஏலக்காயும் இரண்டு தட்டிப் போடுவேன். தாங்க்ஸ்கிவிங்குக்கு ஸ்பை சில வருஷம் கிடைக்காது, அப்போது கோர்ட்லண்ட் அல்லது ஹனிகிரிஸ்ப் எடுங்கள், குழையாது. மூடியில் முட்டைக்குப் பதில் பால் தடவி, ஆவி போக நாலு கீறல் போட்டு, 425 பாரன்ஹைட்டில் 20 நிமிஷம், பிறகு 375க்கு இறக்கி இன்னும் 40 நிமிஷம் அளவில். கீறல் வழியாகச் சாறு தடிப்பாகக் கொதிக்கிறதா பாருங்கள். சூட்டோடு வெட்டாதீர்கள், மூன்று மணி நேரமாவது ஆறட்டும், இல்லையென்றால் உள்ளே இருப்பதெல்லாம் தட்டில் ஓடும்.

பூசணிக்காய்ப் பையும் கேட்பார்கள், சொல்லிவைக்கிறேன். வாசலில் முகம் வெட்டி வைக்கிற பெரிய பூசணி வேண்டாம், தண்ணியும் நாருமாக இருக்கும். 'பை பம்ப்கின்' என்று சின்னதாக, கையில் தூக்கினால் பாரமாக இருக்கும், அதுதான். வழக்கமான முறைக்கு முட்டை வேண்டும், அதை ஐப்பசிக்குத் தள்ளிவையுங்கள்.