டேப்பட் கவர் பேக்கிங் மாற்றிய மூன்றாம் நாளே இன்ஜின் லைட் எரிகிறது, என்ன பார்க்கலாம்?

கேள்வி (தேவகோட்டை)

வணக்கம். என்னுடையது 2015 மாடல் பெட்ரோல் கார், 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவர் ஓரமாக ஆயில் கசிந்ததால் காரைக்குடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பேக்கிங் மாற்றினேன். கசிவு நின்றுவிட்டது. ஆனால் மூன்றாம் நாள் ஆத்தாவை அழைத்துக்கொண்டு பிள்ளையார்பட்டி போகும்போது, குன்றக்குடி பக்கத்தில் மஞ்சள் இன்ஜின் லைட் எரிய ஆரம்பித்தது. இன்னும் அணையவில்லை. ஓட்டத்தில் குறை தெரியவில்லை. நின்றுகொண்டிருக்கும்போது மட்டும் லேசாக உதறுகிறது.

அதே ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். பி0171 என்று வந்தது. ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, மாற்ற ஐயாயிரத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். வேலை பார்ப்பதற்கு முன் இந்த லைட் ஒரு நாளும் எரிந்ததில்லை. அடுத்த வாரம் சொந்தத்தில் கல்யாணம், ஆத்தாவோடு திருச்சி வரை போக வேண்டும். மாற்றிவிடலாமா?

பதில் (காரைக்குடி, மெக்கானிக்)

தம்பி, சென்சாருக்கு இப்போது காசு கொடுக்க வேண்டாம். முதலில் ஒன்று சொல்லுங்கள்: லைட் நின்று எரிகிறதா, விட்டு விட்டு மின்னுகிறதா? மின்னினால் ஏதோ ஒரு சிலிண்டர் மோசமாக மிஸ் அடிக்கிறது என்று பொருள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும். அப்படியே ஓட்டக் கூடாது. நின்று எரிந்தால் பார்த்துச் செய்ய நேரம் இருக்கிறது.

பி0171 என்றால் கலவையில் காற்று கூடிவிட்டது, பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே அந்த ஆக்சிஜன் சென்சார்தான். சென்சாரே கெட்டிருந்தால் பெரும்பாலும் பி0130 வரிசையில் அதற்கென்று எண் வரும். வேலை முடிந்த மூன்றாம் நாள் லைட் எரிந்தால், அன்று கை பட்ட இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கவரைத் தூக்க எந்தெந்த ஹோஸைக் கழற்றினார்கள் என்று கேளுங்கள்.

பதில் (புதுக்கோட்டை)

என்னிடம் புளூடூத் ஸ்கேனர் இருக்கிறது, அதை வைத்துச் சொல்கிறேன். எண்ணை உடனே அழித்துவிடாதீர்கள். லைட் எரிந்த நேரத்து வேகம், சூடு, ஆர்பிஎம் எல்லாம் அதோடு சேர்ந்து பதிவாகியிருக்கும், அழித்தால் அதுவும் போய்விடும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் நின்று ஓடும்போது) ஒரு தடவை, 2500 ஆர்பிஎம்மில் ஒரு தடவை ஃபியூயல் டிரிம் எவ்வளவு என்று குறித்துப் போடுங்கள். கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு அது; ஷார்ட் டெர்ம் என்பது அந்த நேரத்துக் கணக்கு, லாங் டெர்ம் என்பது ஓட ஓடப் பழகிய கணக்கு. காற்றுக் குழாயில், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃபிளோ சென்சார் இருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். அது இல்லாமல், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாயான மேனிஃபோல்டில் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டியில் காற்றுக் கசிவு இருந்தால் பெரும்பாலும் ஐடில்தான் ஏறும், இந்த எண் வருவது குறைவு.

கேள்வி கேட்டவர்

நின்றுதான் எரிகிறது அண்ணே. ஏர்ஃபிளோ சென்சார் இருக்கிறது. நண்பர் ஒருவரிடம் ஸ்கேனர் வாங்கிப் பார்த்தேன். ஐடிலில் லாங் டெர்ம் 18, ஷார்ட் டெர்ம் 7. 2500இல் லாங் டெர்ம் 4, ஷார்ட் டெர்ம் 1. எல்லாம் பிளஸ்.

பதில் (காரைக்குடி, மெக்கானிக்)

அப்போது காற்றுக் கசிவுதான் தம்பி. ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் கசிவு பெரிய பங்கு. ஆர்பிஎம் ஏற ஏற அது கரைந்துபோகும். பெட்ரோல் பம்ப்போ ஃபில்டரோ கோளாறு என்றால் இதற்கு நேர்மாறாக, மிதிக்க மிதிக்க டிரிம் ஏறும்.

டேப்பட் கவரிலிருந்து மேனிஃபோல்டுக்கு ஒரு சின்ன ஹோஸ் போகும், பிசிவி ஹோஸ் என்போம். கவரைத் தூக்க அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பத்து வருஷம் சூட்டில் கிடந்த ரப்பர், பிடித்து இழுத்தால் கிளிப்புக்கு அடியில் விரியும், மேலே ஒன்றும் தெரியாது. ஐடிலில் மேனிஃபோல்டு முனையை ஒட்டி பிளையரால் மெதுவாக நசுக்கிப் பாருங்கள். உதறல் நின்றால் அதுதான். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கசிவைக் கண்டுபிடிக்கச் சூடான இன்ஜினில் கார்ப் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பார்க்கச் சொல்வார்கள், தீப்பிடிக்கும், வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

அண்ணே, சரியாகச் சொன்னீர்கள். மேனிஃபோல்டு முனையில் நசுக்கியதும் உதறல் நின்றது. கழற்றினால் கவர் பக்கக் கிளிப்புக்கு அடியில் அரை வட்டத்துக்கு வெடிப்பு. புது ஹோஸும் கிளிப்பும் சேர்த்து 420 ரூபாய். ஐடிலில் ஷார்ட் டெர்ம் உடனே மைனஸுக்கு இறங்கிவிட்டது. ஆனால் லைட் இன்னும் எரிகிறதே?

பதில் (புதுக்கோட்டை)

பயப்பட வேண்டாம். மைனஸ் வருவது நல்லதுதான். பழைய லாங் டெர்ம் கணக்கு இன்னும் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறது, ஓட ஓட இறங்கும். கோளாறு இல்லாமல் மூன்று ஓட்டம் முடிந்தால் லைட் தானாக அணையும். இப்போது எண்ணைக் குறித்தாயிற்று, ஸ்கேனரிலேயே அழித்தாலும் சரி. திருச்சி கிளம்பும் முன் இரண்டு நாள் காரைக்குடி வரை போய் வந்து டிரிம்மை ஒரு தடவை பாருங்கள். இரண்டையும் கூட்டினால் பத்துக்குள் இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

அழித்துவிட்டு இரண்டு நாள் ஓட்டினேன். ஐடிலில் இரண்டும் சேர்ந்து 3. லைட் வரவில்லை. ஆத்தாவிடம் கார்தான் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் போகலாம் என்று பையெல்லாம் சின்னதாகக் கட்டி வைத்திருந்தார்கள். இருவருக்கும் மிக்க நன்றி.