டர்ஹாம் அமெச்சூர் கால்பந்தின் பழைய ஏடுகளை எப்படிக் காப்பது?

மைதானவாசி:
வேலை நிமித்தம் இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் குடியிருக்கிறேன். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்ட இவ்வூர்களில், 1889இல் தொடங்கிய நார்தர்ன் லீக்கில் இன்றும் ஆடிவரும் சிறு கழகங்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று, தன் பழம்பொருள்களை ஒழுங்குபடுத்தித் தருமாறு என்னைக் கேட்டிருக்கிறது. கோப்பைகளையும் சட்டைகளையும் காட்சிக்கு வைப்பதில்தான் அனைவருக்கும் ஆர்வம். கணக்கேடுகளும் கூட்டக் குறிப்புகளும் ஈரம் படிந்த அறையில் கிடக்கின்றன. எதிலிருந்து தொடங்கலாம்?

பழைய ஏடு:
ஏடுகளை இன்றே உலர்ந்த இடத்துக்கு மாற்றிவிட்டு, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, படிகளை வெவ்வேறு இடங்களில் வையுங்கள். கோப்பை என்றால் பத்திரமாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். இப்பகுதியின் வெஸ்ட் ஆக்லாந்து கழகத்துக்கு ஆடிய சுரங்கத் தொழிலாளர்கள் 1909இலும் 1911இலும் இத்தாலியின் டூரின் நகருக்குச் சென்று, இரண்டாம் முறை இறுதியாட்டத்தில் அந்நாட்டு யுவென்டஸ் கழகத்தை 6-1 என வீழ்த்தித் தமதாக்கிக்கொண்ட லிப்டன் கோப்பை, கழகத்தின் கடனுக்கு ஈடாக ஒரு விடுதிக்காரப் பெண்மணியிடம் நெடுங்காலம் இருந்து, பிறகு மீட்கப்பட்டு, 1994இல் திருட்டுப் போய்விட்டது. இப்போது இருப்பது அதன் மாதிரி மட்டுமே.

வலது விங்:
ஏடுகளையும் முழுமையாக நம்ப இயலாது. அமெச்சூர் ஆட்டக்காரர் ஊதியம் பெறக் கூடாது என்பது விதியாக இருந்தும், நன்றாக ஆடுபவரின் காலணிக்குள் பணத்தை வைத்துவிடும் வழக்கம் பரவலாக இருந்தது. எந்தப் பொருளாளரும் அதை அப்படியே கணக்கில் எழுதியிருக்க மாட்டார். 1928இல் குரூக் டவுன் கழகத்தையொட்டி எழுந்த இத்தகைய விவகாரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் தடைசெய்யப்பட்டார்கள். அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவே 1974இல் நீக்கப்பட்டது. அதற்கு முன் ஆடியவர்களில் பெரும்பாலோர் எழுபதைக் கடந்துவிட்டதால், என்னைக் கேட்டால், ஸ்கேனருக்கு முன்பே ஒலிப்பதிவுக் கருவியை எடுப்பேன்.

மைதானவாசி:
பணம் பற்றிக் கேட்டால் பேசுவார்களா? கழகத்தின் பெயர் கெடும் என்று நிர்வாகிகளே தயங்குகிறார்கள்.

வலது விங்:
முதல் சந்திப்பில் அதைக் கேட்காதீர்கள். பிஷப் ஆக்லாந்தும் குரூக் டவுனும் மோதிய 1954 அமெச்சூர் கோப்பை இறுதியாட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் 1 லட்சம் பேர் பார்த்தும் முடிவு கிட்டாமல், மூன்றாவது ஆட்டத்தில்தான் குரூக் வென்றது. அதைச் சிறுவனாகப் பார்த்த ஒருவர் பேசத் தொடங்கினால், மற்றவை தாமாகவே வரும்.

பழைய ஏடு:
தயக்கம் தீராவிட்டால், சொன்னவர் குறிப்பிடும் ஆண்டு வரை அந்தப் பதிவைத் திறப்பதில்லை என்று எழுத்தில் உறுதியளித்து, மாவட்ட ஆவணக் காப்பகத்தில் ஒப்படைப்பது குறித்துப் பேசிப் பாருங்கள்.